ஆறுமுகத்துக்கு ஒரு மயில்

ஜனவரி 12, திங்கள்

இதனால் சகலமானவர்களுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், திருப்பூர் 'பூங்கொடி எம்ப்ராய்டரி'யில் நெடுங்காலம் பணியாற்றிய கறுப்பு ஃப்ளாப்பி ஒருவர், நெற்றியில் 'மயில்' என்று எழுதப்பட்டவர், இன்று காலை மெஷினுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் காலமானார். அன்னார் என்னைவிட மூத்தவர். கடைசியாக 'க்ர்ர்ரீச்' என்று ஒரு வார்த்தை சொன்னார். பொருள் விளங்கவில்லை.

ஃப்ளாப்பி என்பது பென்டிரைவுக்குப் பாட்டன். உள்ளங்கை அகலத்தில் சதுர பிளாஸ்டிக், உள்ளே காந்தப் பூச்சு பூசிய மெல்லிய வட்டத் தகடு. அதைச் சொருகினால்தான் எங்கள் மெஷினுக்கு என்ன படம் தைக்க வேண்டும் என்று தெரியும். வேறு எதைக் காட்டினாலும் தெரியாது. மெஷினுக்கு ஆறு தலை, ஒரே நேரத்தில் ஆறு சட்டையில் ஒரே படத்தைத் தைக்கும். ராவணன் என்று பெயர் வைக்கலாம் என்றால் நாலு தலை குறைகிறது. ஆகவே ஆறுமுகம். பெயர் சூட்டியவன் அடியேன், லோகித், பதினொன்றாம் வகுப்பு.

திரையில் 'பிழை' என்று வந்தது. அம்மா அதைப் 'பிழைப்பு' என்று படித்திருக்க வேண்டும், முகம் அப்படிப் போய்விட்டது. டப்பாவில் இருந்த மற்ற ஃப்ளாப்பிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ரோஜா, யானை, பள்ளிக்கூட முத்திரை, எல்லாருமே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

"உங்கப்பாதான் போகும்போது எதையோ பண்ணி வெச்சுட்டுப் போயிட்டாரு" என்றார் அம்மா.

அப்பா போனது சித்திரையில். "இந்த இரும்பைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எதாச்சும் பாக்கலாம்" என்று அப்பா சொல்ல, "இரும்பைப் போடறதுக்கு முன்னாடி உங்களைத்தான் போடோணும்" என்று அம்மா சொல்ல, அப்பா ஒரு பையில் நான்கு சட்டையைப் போட்டுக்கொண்டு கரூரில் ஒரு பெரிய கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார். அதிலிருந்து இருவரும் பேசுவதில்லை. இருவரிடமும் நான் பேசுகிறேன். அதாவது, அங்கே ஏற்றி இங்கே இறக்கப்படுகிறேன். இந்த வீட்டில் இன்னும் வேலை செய்யும் ஒரே ஃப்ளாப்பி நான்தான்.

ஜனவரி 13, செவ்வாய்

வீடு துடைத்தேன். ஒட்டடை அடித்தேன். தரையில் சிதறிய உடைந்த ஊசித் துண்டுகளை அம்மாவின் குண்டுக் காந்தத்தால் பொறுக்கினேன். பிறகு காந்தத்தை அதன் இடத்தில், ஃப்ளாப்பி டப்பா மேல் வைத்தேன். அந்த டப்பாவின் மூடி நிற்காமல் திறந்துகொள்ளும், அதனால் ஐப்பசியிலிருந்து காந்தம்தான் மூடிக்கு வாட்ச்மேன். அம்மாவின் கண்டுபிடிப்பு.

சாயங்காலம் நாச்சிமுத்து குருசாமி வந்தார். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை கூட்டிப் போகிறவர். அவருடைய குழுவின் பச்சைச் சட்டையில் நெஞ்சுப் பக்கம் ஒரு மயில் இருக்கும். அப்பா வரைந்த மயில். தோகையை விரிக்காமல் திரும்பிப் பார்க்கிற மயில். ஒவ்வொரு வருஷமும் அதே மயில்தான் வேண்டும் அவருக்கு.

"அம்மிணி, இருவத்தெட்டாந்தேதி காத்தால நடக்கறம். அறுவது சட்டை. ஆயிருமல்லோ?"

"ஆயிருங்க சாமி." அம்மா எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்லீன்னா சொல்லீரு, நான் தப்பா நெனைக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருத்தன் புது மெஷின் போட்டிருக்கறானாமா. பென்டிரைவச் சொருகுனாப் போதுமாமா."

"சாமி, அவங்க மயிலு உங்களத் திரும்பிப் பாக்காதுங்க" என்றேன் நான்.

குருசாமி சிரித்தார். "சரி, இருவத்தஞ்சு ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு சட்டையாச்சும் கண்ணுல காட்டோணும். அதுக்கு மேல நான் பொறுக்க முடியாது கண்ணு."

அவர் போன பிறகு அம்மா ஆறுமுகத்தின் ஆறு தலைகளையும் துணியால் துடைத்தார். தூசி ஒன்றும் இல்லை. "இந்த ஆர்டரும் போச்சுன்னா இதைக் குடுத்தறலாம். யாரையாச்சும் வந்து பாக்கச் சொல்லோணும்." மெஷினிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஜனவரி 14, புதன், போகி

பழைய பாய், பிய்ந்த துடைப்பம், அவற்றின் மேல் பதினெட்டு ஃப்ளாப்பிகள். அம்மா தீப்பெட்டியை எடுக்கும்போது நான் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"எரிக்காதீங்கடா! பிளாஸ்டிக் பொகை நாறும்" என்றார் முதலில். பிறகுதான் விஷயம் உறைத்தது. "எல்லாமே போச்சா? எல்லாமேவா?"

"ஒருத்தர் விடாமங்ப்பா."

நான் ஒரு கையால் ஃப்ளாப்பிகளைப் பொறுக்கி மறுபடி டப்பாவில் போட்டேன். போனில் கரூர் மெஷின் சத்தம் கேட்டது. "மயிலோட இமேஜ் எங்கிட்ட இருக்குது. அனுப்பறேன்" என்றார். இமேஜ் என்றால் படம் இல்லையாம். ஒரு ஃப்ளாப்பியில் இருப்பதை முதல் வளையத்திலிருந்து கடைசி வளையம் வரை, ஒன்று விடாமல், ஒரே கோப்பாக எடுத்து வைத்த நகலாம். எல்லா ஃப்ளாப்பிக்கும் அப்படி எடுத்து வைத்திருக்கிறாராம். வீட்டை விட்டுப் போகிறவர் நான்கு சட்டையும் பதினெட்டு ஃப்ளாப்பியின் நகலும் எடுத்துப் போயிருக்கிறார். இதைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் பொங்கியது. அப்பா வரவில்லை. அம்மா, "பொங்கிருச்சுன்னு சொல்லீரு" என்றார். சொன்னேன்.

ஜனவரி 16, வெள்ளி

வெற்றி விழாவுக்கு மேடை போட்டாயிற்று. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் பத்துப் புது ஃப்ளாப்பி கிடைத்தது. புதுசு என்றால் விற்காமல் கிடந்த புதுசு. அப்பா அனுப்பிய கோப்பை எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஒரு ஃப்ளாப்பிக்குக் காப்பி செய்தேன். ஆறுமுகத்தில் சொருகினேன். அம்மாவை அழைத்தேன். கையை வீசி, "ஆறு தலைகளே, ஆடுங்கள்!" என்றேன்.

பிழை.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். அப்பா சிரித்து நான் கேட்டே பல மாதம் ஆகிறது. "டேய், அது காப்பி பண்றது இல்லடா, எழுதறது. நீ பண்ணுனது ஆட்டோட போட்டோவக் கொண்டு போயி பிரியாணி போடச் சொன்ன மாதிரி. அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குது. அது அந்தக் கோப்பைப் பிரிச்சு, ஒவ்வொரு வளையமா ஃப்ளாப்பி மேல எழுதும். அப்பத்தான் நெசமான ஃப்ளாப்பி."

"அதெல்லாம் எனக்குத் தெரியுங்ப்பா. சும்மா உங்களச் சோதிச்சேன்."

ஜனவரி 18, ஞாயிறு

சாஃப்ட்வேர் போட்டாயிற்று. போன் ஸ்பீக்கரில் இல்லை, காதில். ஏனென்றால் பக்கத்தில் அம்மா நூல் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா பேசுவது அம்மாவுக்கும், அம்மா பேசுவது அப்பாவுக்கும் என் வழியாகத்தான் போக வேண்டும். வழியில் நான் சிறு சிறு எம்ப்ராய்டரி செய்வது வழக்கம்.

"மெஷினு ரொம்ப நாளா நிக்குது, மொதல்ல வேகத்தக் கொறச்சே ஓட்டச் சொல்லு. இல்லீன்னா ஊசி தெறிக்கும்" என்றார் அப்பா.

"உன் வெரல் பத்திரம்னு சொல்றாரும்மா" என்றேன்.

அம்மா தலையைத் தூக்கவில்லை. "அந்த வார்த்த வந்திருந்தா உங்கப்பாவுக்கு நாக்குச் சுளுக்கியிருக்கும். நெசமா என்ன சொன்னாரு?"

"வேகத்தக் கொறச்சு ஓட்டோணுமாமா."

"அது தெரியும்னு சொல்லு."

"சரிங்கன்னு சொல்றாங்கப்பா" என்றேன்.

அந்தப் பக்கம் அப்பா, "பூங்கொடி சரிங்கன்னா சொன்னா?" என்று கேட்டார். நான் இருமினேன்.

எழுதுவதற்கு முன்னால் அப்பா ஒரு கேள்வி கேட்டார். "ஃப்ளாப்பி நம்ம பழைய வகைதான? ஓட்டை சரியா இருக்குதா?"

"ஆமாங்ப்பா" என்றேன்.

சாஃப்ட்வேர் கடகடவென்று ஓடி நூறு சதவீதம் என்றது. ஆறுமுகம் பிழை என்றது.

ஜனவரி 19, திங்கள்

பிழை.

ஜனவரி 20, செவ்வாய்

வேறு ஃப்ளாப்பி. பிழை. அம்மா மெஷினுக்குத் துணி போர்த்தி வைத்துவிட்டார். பார்த்தால் வெள்ளைத் துணி போட்ட பிரேதம் மாதிரி இருந்தது. நான் போய்ப் பூப்போட்ட துணியாக மாற்றினேன்.

ஜனவரி 21, புதன்

பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் செத்த ஃப்ளாப்பியைக் காட்டி, இதுதான் பழைய ரேஷன் கார்டு, கடையில் சொருகினால் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று சொல்லும் என்றேன். நம்பினான். வாங்கி முகர்ந்துகூடப் பார்த்தான். இந்த வாரத்தின் ஒரே வெற்றி.

ஜனவரி 22, வியாழன்

ஒரு ஆள் வந்து ஆறுமுகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காத குறை. "பழைய மாடலுங்க" என்றார். "எனக்குந் தெரியுங்க" என்றார் அம்மா. திங்கட்கிழமை வந்து முடிவு சொல்வதாகப் போனார். போகும்போது அவருடைய ஸ்கூட்டர் கிளம்பவில்லை. அதன் ஸ்பார்க் பிளக் வயர் ஏன் கழன்று கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

அம்மா சாப்பிடவில்லை. பசியில்லை என்றார்.

ஜனவரி 23, வெள்ளி

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். பிழை, பிழை, பிழை. ஆள் வந்து பார்த்தது. அம்மா சாப்பிடாதது. கடைசியாகச் சொன்னதை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

"என்ன சொன்ன? சாப்பிடலையா?"

"நேத்துத்தாங்ப்பா. இன்னைக்கு ரெண்டு தோசை."

"ஞாயித்துக்கெழம காத்தால வர்றேன். திங்கக்கெழம குடியரசு தினம், கம்பெனி லீவு" என்றார். "மெஷினுக்குத்தான் வர்றேன்னு சொல்லு."

அம்மாவிடம் சொன்னேன், எந்த எம்ப்ராய்டரியும் இல்லாமல். "மெஷினப் பாக்கத்தான வர்றாரு? பாக்கட்டும்" என்றார். பிறகு கடைக்குப் போய்த் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் வாங்கி வந்தார். அரிசிம்பருப்பு சாதம் அப்பாவுக்கு உயிர். ஏன் அது என்று கேட்டேன். "சுளுவா ஆயிரும், அதான்." ஒரு கூடை வெங்காயம் உரித்தவன் நான். சுளுவாக ஒன்றும் ஆகவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று நீளமாக எழுதப் போகிறேன்.

அப்பா வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றார். தன் வீட்டுக்குள் வருவதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாதவர் போல நின்றார். அம்மா உள்ளேயிருந்து, "லோகு, உள்ள வரச் சொல்லு, கொசு வருது" என்றார். காலையில் ஏது கொசு?

அப்பா நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனார். நான் எழுதிய ஃப்ளாப்பியைக் கையில் எடுத்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"டேய். ஓட்டை சரியா இருக்குதான்னு கேட்டனா இல்லையா?"

பழைய ஃப்ளாப்பியில் மூலையில் ஒரே ஓட்டை. நான் வாங்கியதில் இரண்டு மூலையிலும் ஓட்டை. இரண்டாவது ஓட்டை இருந்தால் கம்ப்யூட்டர், 'ஓ, இது கொள்ளளவு அதிகமுள்ள வகை' என்று நினைத்துப் பொடி எழுத்தில் நெருக்கி எழுதுமாம். ஆறுமுகத்துக்குப் பொடி எழுத்து படிக்கத் தெரியாது. கண்ணாடி போடாத ஆள். அந்த ஓட்டையை மூடிவிட்டு, ஃப்ளாப்பியை முதலிலிருந்து ஃபார்மேட் செய்து எழுதினால் சரியாகிவிடுமாம்.

"எதாச்சும் டேப் இருக்குதா?"

வீடெல்லாம் தேடினோம். இன்சுலேஷன் டேப் ரோல் வெயிலில் உருகி ஒரே கட்டியாகிக் கிடந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். கண்ணாடி முன்னால் போய் நின்றார். அதன் ஓரத்தில் வரிசையாக ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் பெரியதாக ஒன்றை நகத்தால் உரித்தார். அப்பா கையிலிருந்த ஃப்ளாப்பியை வாங்கி, ஓட்டையின் மேல் ஒட்டி, திருப்பி அடிப்பக்கமும் ஒன்று ஒட்டி, கட்டை விரலால் அழுத்திக் கொடுத்தார்.

"முன்னாடியும் இப்படித்தான ஒட்டுவோம்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் 'ஒட்டுவோம்' என்பதில் நான் இல்லை. அப்போது நான் பிறந்திருக்கவே இல்லை.

"ஃப்ளாப்பிக்குப் பொட்டு வெச்சாச்சு, இனி பூவும் வெச்சறலாமா?" என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில், "வாய மூடு" என்றார்கள். சித்திரைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம்.

ஃபார்மேட் ஓடும்போது அப்பா பழைய ஃப்ளாப்பி டப்பாவைப் பார்க்கப் போனார். நானும் போனேன். டப்பா மேல் அம்மாவின் குண்டுக் காந்தம். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை எடுத்து, மெஷின் காலில் அது முன்பு தொங்கிக்கொண்டிருந்த கொக்கியில் மாட்டினார்.

"ஏங்ப்பா செத்துச்சு எல்லாம்?"

"பூஞ்சைடா. மழ பேஞ்சுதல்ல, ஈரம்." அடுப்படிக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார். "எல்லாம் பூஞ்சைதான். யாரு என்ன பண்ண முடியும்."

அப்பா சொன்னால் பூஞ்சைதான்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்தார். டப்பாவைப் பார்த்தார். கொக்கியில் தொங்கும் காந்தத்தைப் பார்த்தார். டப்பாவை மறுபடி பார்த்தார். இன்றைக்கு அப்பாவுக்கு டீ என் கை வழியாக வரவில்லை. அம்மாவே கொண்டுவந்து கொடுத்தார். ஏன் என்று நான் எழுதப் போவதில்லை, பிளஸ் ஒன் இயற்பியலில் நான் வாங்கும் மதிப்பெண்ணுக்கு அதெல்லாம் புரியக் கூடாது.

பொட்டு வைத்த ஃப்ளாப்பி ஆறுமுகத்துக்குள் போனது. க்ரீச் இல்லை. டக், டக் என்று இரண்டு தடவை முழுங்கினார். திரையில் மயில் வந்தது.

அப்பா விலகி நின்றார். அம்மாதான் பட்டனை அழுத்தினார், வேகத்தைக் குறைத்து. ஆறு தலையும் ஒன்றாகக் குனிந்தன. ஆறு பச்சைச் சட்டையில் ஆறு கழுத்து வந்தது, பிறகு ஆறு மூக்கு. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் கண்ணில் நூல் தூசி விழுந்துவிட்டது. எம்ப்ராய்டரி கடையில் இது சகஜம்.

சாயங்காலம் குருசாமி வந்து சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "திரும்பிப் பாக்குது" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 26, திங்கள்

நாள் முழுக்க ஆறுமுகம் ஓடினார். அப்பா சட்டைகளை ஃப்ரேமில் மாட்டினார், அம்மா ஓட்டினார், நான் நூல் வெட்டினேன். மெஷின் வாங்க வந்த ஆளிடம் அப்பா வாசலிலேயே, "விக்கறதில்லீங்க" என்றார். இரும்பைத் தூக்கிப் போடு என்று சொன்ன அதே வாய். அம்மா மெஷின் சத்தத்தில் கேட்காதது போல இருந்தார். நன்றாகவே கேட்டது, நூல் அறுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

அப்பா விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கரூர் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது அம்மா, "சனிக்கெழம வரும்போது மூடி சரியா இருக்கற டப்பாவா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றார். இந்த வாக்கியம் என் வழியாகப் போகவில்லை. நேராகப் போனது. "சரி பூங்கொடி" என்று நேராகத் திரும்பியும் வந்தது. எனக்கு வேலை போய்விட்டது.

சாயங்காலம் அறுபது சட்டையும் குருசாமி வீட்டுக்குப் போயிற்று.

இப்போது வரலாறு உண்மையை அறியட்டும். இது எல்லாமே என் திட்டம். ஃப்ளாப்பியில் இரண்டு ஓட்டை இருந்தது எனக்கு முதலிலேயே தெரியும். ஒன்றை மூட வேண்டும் என்பதும் தெரியும். அப்பா போனில் கேட்டபோது வேண்டுமென்றேதான் 'ஆமா' என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் போனிலேயே வேலை முடிந்திருக்கும், அப்பா வந்திருக்க மாட்டார். தோற்றுத் தோற்று ஒரு மனிதரைக் கரூரிலிருந்து இழுத்து வந்தவன் நான். என் குறும்புகளிலேயே இதுதான் தலையாயது. ஆறு தலையாயது.

இதை அம்மாவிடமும் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார். "அப்படியா சாமி?" என்றார். என் தலையில் கை வைத்தார். எனக்கு மட்டும் நெய் விட்டுத் தோசை சுட்டார். அதை அப்பாவிடமும் போனில் சொன்னார். என் கண் எதிரே, நேராகவே. "உங்க பையன் திட்டம் போட்டுத்தான் உங்கள வரவெச்சிருக்கறான், தெரியுமா?" அப்பா அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் பேசினார்கள்.

ஜனவரி 28, புதன்

காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் பாதயாத்திரை போவதைப் பார்த்தேன். அறுபது நெஞ்சிலும் மயில்.

நேற்றைய நெய் தோசை இன்னும் செரிக்கவில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

திட்டம் எதுவும் இல்லை. இரண்டு ஓட்டை இருந்ததை நான் கவனித்தேன், அது உண்மை. ஆனால் அது ஃப்ளாப்பி காற்று வாங்குவதற்கு என்று நினைத்தேன். அப்பா 'ஓட்டை சரியா இருக்குதா' என்று கேட்டபோது எந்த ஓட்டை, சரி என்றால் எது சரி என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா என்னோடு ஒரு பெரிய ஆளிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தார். அவர் இல்லாத வீட்டில் எல்லாம் தெரிந்த ஒருத்தன் இருக்கிறான் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று 'ஆமாங்ப்பா' என்றேன். அந்த ஒரு ஆமாவால் அம்மா ஒரு நாள் பட்டினி கிடந்தார். மெஷினே போயிருக்கும்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இன்றைக்கும் நெய் தோசைதான் சுட்டார்.

இன்னொன்று. இப்போதும்கூட எனக்கு அந்த இரண்டு ஓட்டையில் எது இடப்பக்கம், எது வலப்பக்கம், எதை மூட வேண்டும் என்று உறுதியாகத் தெரியாது. அம்மா பொட்டு ஒட்டியபோது நான் ஃப்ளாப்பியைப் பார்க்கவில்லை, அவர்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் பதினேழு ஃப்ளாப்பி எழுத வேண்டும். சனிக்கிழமை அப்பா வந்ததும், எனக்குத் தெரியாதுங்ப்பா, சொல்லிக் கொடுங்க என்று கேட்க வேண்டும்.